"ஆயுதம் ஏந்துவீர்களா?" என்ற கட்டத்தில் "இல்லை" போடலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 48. சொந்த ஊர் வடலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்திலிருந்தே சன்மார்க்கக் குடும்பம். வீட்டில் மீன் வாசனையே கிடையாது. நியூ ஜெர்சிக்கு வந்து பதினாறு ஆண்டுகள், கிரீன் கார்டு கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். என்-400 படிவத்தின் கடைசிப் பக்கங்களில், சட்டம் கோரினால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா என்று ஒரு கேள்வி. என்னால் "ஆம்" போட முடியவில்லை. மூன்று வாரமாகப் படிவம் மேசைமேல் கிடக்கிறது.

"ஐம்பது வயதை எட்டப்போகிறவரை யார் போருக்குக் கூப்பிடுவார்கள்? ஆம் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்" என்கிறார் மைத்துனர். "கண்ணன் அர்ஜுனனிடம் சண்டை போடு என்றுதானே சொன்னான்? நீங்கள் கும்பிடும் முருகன் கையில் இருப்பது வேலா, பூங்கொத்தா?" என்று கேட்கிறார் மாமனார். இந்த நாட்டில் எல்லாம் அனுபவித்துவிட்டு அதைக் காக்க மட்டும் மாட்டேன் என்பது நன்றிகெட்டதனம் என்கிறாள் மனைவி. அதுதான் உறுத்துகிறது. 1999இல் கார்கில் போரின்போது கல்லூரியில் இனிப்பு கொடுத்தவன்தான் நானும். ஈராக் போரைப் பார்த்ததிலிருந்து போர் என்றாலே வெறுப்பு. எல்லா மனிதரும் சமம் என்று அறிவித்துப் பிறந்த நாடு, கொல்ல மாட்டேன் என்பவனைத் தள்ளிவைக்குமா? 16 வயது மகனுக்கும் சேர்த்து நானே எழுதிக்கொடுத்துவிடலாமா?

— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

குடிவரவு வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள ஐயா,

மைத்துனர் சொன்னதில் பாதி சரி. உங்களை யாரும் போருக்குக் கூப்பிடப்போவதில்லை. கட்டாய ராணுவச் சேர்ப்பு இங்கே 1973இலேயே நின்றுவிட்டது. இன்று இருப்பது பெயர்ப் பதிவு மட்டும், அதுவும் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு. ஆனால் மூன்று வாரமாக ஒரு கட்டத்தில் பேனாவை வைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, "யார் பார்க்கப்போகிறார்கள்" என்பது பதிலாகாது. படிவத்தின் முடிவில் நீங்கள் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்து போடும் கையெழுத்து. பிடிபடுவீர்களா என்றால், அநேகமாக மாட்டீர்கள். அந்தக் கணக்குப் போடுகிறவராக இருந்திருந்தால் உங்கள் கடிதமே எனக்கு வந்திருக்காது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "இல்லை" என்று போடலாம். அதற்காகவே விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியாது. நீங்கள் பார்த்த கேள்விக்குக் கீழே இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பதற்றத்தில் அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, ராணுவத்துக்குள்ளேயே சண்டையிடாத வேலை செய்வீர்களா என்பது. மற்றது, ராணுவம் சாராத அதிகாரிகளின் கீழ் நாட்டுக்கு முக்கியமான பணி செய்வீர்களா என்பது. குடியுரிமை பெறும்போது எடுக்க வேண்டிய உறுதிமொழியிலும் இந்த மூன்றும் வருகின்றன. மத நம்பிக்கையால் ஆயுதத்தை மறுப்பவருக்கு அந்த ஒரு வாசகத்தை நீக்கிய உறுதிமொழி உண்டு. ராணுவச் சேவை எதுவுமே ஆகாது என்பவருக்கு இரண்டு வாசகங்களையும் நீக்கிய உறுதிமொழி உண்டு. மூன்றாவதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

ஆகவே நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். காயம்பட்ட சிப்பாய்க்குக் கட்டுப் போடத் தயாரா? அவன் குணமாகித் திரும்பிப் போய்த் துப்பாக்கியைத்தான் எடுப்பான் என்று தெரிந்தும்? போடுவேன் என்று சொன்ன கட்சிக்காரர்களும் எனக்கு உண்டு, மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நேர்காணல் அறைக்குப் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

இந்த நாடு தள்ளிவைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிவைத்திருக்கிறது. ரோசிகா ஷ்விம்மர் என்று ஒரு பெண்மணி. ஹங்கேரியிலிருந்து வந்தவர், போர் எதிர்ப்பாளர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். உங்கள் கையில் இருக்கும் அதே கேள்வி அவருடைய படிவத்திலும் இருந்தது. மற்றக் கடமை எல்லாம் செய்வேன், சண்டை மட்டும் போட மாட்டேன் என்று எழுதினார். வயது 49, உங்களைவிட ஒன்று கூட. அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணையும் எந்த வயதிலும் போர்முனைக்கு அனுப்பியதில்லை. போதாக்குறைக்கு, அன்றைய உறுதிமொழியில் ஆயுதம் என்ற சொல்லே கிடையாது. அது 1950இல்தான் சட்டத்தில் ஏறியது. இத்தனையும் இருந்தும் 1929இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1948இல் நியூயார்க்கில் இறக்கும்போது அவர் எந்த நாட்டுக்கும் குடிமகள் அல்ல.

அந்தத் தீர்ப்பில் மாறுபட்டவர்களுள் ஒருவர் நீதிபதி ஹோம்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூன்று முறை குண்டடி பட்ட மனிதர். போரை வெறுத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் ஏசுவின் மலைப்பிரசங்கத்தை நம்மில் சிலரைவிட அதிகமாக நம்புகிறார்கள், அதற்காக அவர்களை வெளியேற்ற முடியவில்லையே என்று நாம் வருந்துவதாக நான் நினைக்கவில்லை என்கிற பொருளில் எழுதினார். இத்தனை நாசூக்காகக் குத்தும் தீர்ப்புகள் இப்போது வருவதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1931இல், டக்ளஸ் மக்கின்டோஷ் வழக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர், கனடாக்காரர், முதல் உலகப் போரில் படையோடு போன பாதிரியார். போர் நியாயமானது என்று என் மனச்சாட்சி சொன்னால் ஆயுதம் எடுப்பேன், முன்கூட்டியே வாக்குத் தர மாட்டேன் என்றார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சதர்லண்ட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம்மவர் ஒருவரின் கதையிலும் அவர் வருகிறார்.

பகத் சிங் திந்த், பஞ்சாப் சீக்கியர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். தலைப்பாகையோடு, அமெரிக்கச் சீருடையில், ஆயுதம் ஏந்தத் தயாராக நின்றவர். உங்கள் மனைவி கேட்கும் நன்றியைக் காட்டியவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1923இல் அவருடைய வழக்கும் உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் "வெள்ளையர்" என்கிறது, சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் பொருளில் நீ வெள்ளையன் அல்ல, குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் அதே சதர்லண்ட். அவரே இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக இங்கே வந்தவர்தான். படைவீரர்களுக்கென்று 1935இல் தனிச் சட்டம் வந்த பிறகு, 1936இல்தான் திந்துக்குக் குடியுரிமை கிடைத்தது.

துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்ற பெண்ணுக்கும் கதவு அடைப்பு, துப்பாக்கியோடு நின்ற ஆணுக்கும் கதவு அடைப்பு. எல்லா மனிதரும் சமம் என்று 1776இல் எழுதியவர்கள், யாரெல்லாம் அந்த "எல்லா"வில் சேர்த்தி என்பதைச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளும்படி பின்னால் வருகிறவர்களிடம் விட்டுப் போனார்கள். 1946 ஏப்ரலில் ஜிரூவார் என்ற அட்வெண்டிஸ்ட் கிறிஸ்தவச் சபைக்காரர் வழக்கில், ஷ்விம்மர், மக்கின்டோஷ் தீர்ப்புகள் தவறு என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில், இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் கையெழுத்தானது. புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்ற பிச்சைக்காரக் கணக்கோடு. நீங்கள் இந்தப் படிவத்தை வாங்க முடிந்ததற்கும் அதில் "இல்லை" போட முடிவதற்கும் ஒரே ஆண்டில்தான் வழி பிறந்தது.

இனி மாமனார். அவரை நான் சந்தித்ததில்லை, ஆனாலும் பிடித்துவிட்டது. அவர் கேட்டதை அமெரிக்க அரசு வழக்கறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் இறுதிக் காலத்தில் தேவனே நடத்தும் போர் ஒன்று உண்டென்று நம்புகிறவர்கள். படைச் சேர்ப்பிலிருந்து விலக்குக் கேட்ட சிக்குரெல்லா என்ற இளைஞர், கடவுள் கட்டளையிட்டால் அந்தப் போரில் சண்டையிடத் தயார் என்று சொல்லியிருந்தார். அப்படியானால் நீ எல்லாப் போரையும் மறுப்பவன் அல்லவே என்று அரசு அவரை மடக்கியது. 1955இல் உச்ச நீதிமன்றம், சட்டம் பேசுவது இந்த உலகத்தில் மனிதர்களும் அரசுகளும் நடத்தும் நிஜப் போரைப் பற்றி என்று சொல்லி இளைஞர் பக்கம் நின்றது. சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் துப்பாக்கியை மறுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. திருக்குறளிலும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. கீதையை வைத்தே போரையும் அகிம்சையையும் பேசியவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு மதம் முழுவதும் என்ன சொல்கிறது என்று அதிகாரி தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. அவர் பார்க்க வேண்டியது நீங்கள் எதை நம்புகிறீர்கள், அது உண்மையா, ஆழமானதா என்பதை. குறிப்பிட்ட சபையில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. தெளிவாகவும் நம்பும்படியும் நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மாமனாரின் வேல் அல்ல, ஈராக் பற்றிய வரி. 1971இல் வந்த கில்லெட் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. வியட்நாம் போர் அநியாயமானது, அதனால் மறுக்கிறேன் என்று வந்தவர்களுக்குப் படைச் சேர்ப்பிலிருந்து விலக்கு இல்லை என்றது நீதிமன்றம். அவர்களில் ஒருவர் கத்தோலிக்கர். நியாயமான போர், அநியாயமான போர் என்று பிரித்துப் பார்ப்பதே அவர் சமயம் கற்றுக்கொடுத்தது. அதுவும் மனச்சாட்சிதானே என்று நீங்கள் கேட்டால், ஆம் என்பேன். தனிப்பட்ட முறையில் அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. நல்ல போர் எது, கெட்ட போர் எது என்று யோசிக்கிறவனை வெளியே நிறுத்திவிட்டு, யோசனையே இல்லாமல் எல்லாவற்றையும் மறுப்பவனை உள்ளே விடுகிறது அது. இருந்தாலும் சட்டம் அதுதான்.

எனவே கேட்கிறேன்: உங்கள் மறுப்பு எல்லாப் போருக்குமா, ஈராக் போருக்கு மட்டுமா? நாளைக்கு உங்கள் மனமே நியாயம் என்று சொல்லும் ஒரு போர் வந்தால்? கார்கிலுக்கு இனிப்பு கொடுத்ததை மறைக்க வேண்டாம். 22 வயதில் ஒருவிதமாகவும் 48 வயதில் வேறுவிதமாகவும் நம்புவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் இடையில் என்ன நடந்தது? தாத்தா காலத்திலிருந்து சன்மார்க்கம் என்கிறீர்கள். சாப்பாட்டுத் தட்டில் இருந்த கொல்லாமை எப்போது போர் வரைக்கும் நீண்டது? படிவத்தோடு இணைக்கும் கடிதத்தில் எழுத வேண்டியது அதுதான். வெறும் சைவ உணவு எதையும் நிரூபிக்காது. அப்பழுக்கில்லாத சைவர்களும் போர்முனைக்குப் போயிருக்கிறார்கள்.

மனைவி சொன்னது உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உறுத்தட்டும். அவர் கேட்பது நியாயமான கேள்வி. நீங்கள் மறுத்தால் போர் நின்றுவிடாது; உங்கள் இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை போவான். உள்நாட்டுப் போரில் 1863இல் வந்த சட்டப்படி 300 டாலர் கட்டினால் படைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கூலித் தொழிலாளிக்கு அது கிட்டத்தட்ட ஒரு வருட வருமானம். அந்த ஜூலையில் நியூயார்க் பற்றி எரிந்தது. அந்தக் கலவரக்காரர்களின் கோபம் கடைசியில் போய் விடிந்தது கறுப்பின மக்கள் தலையில், அது வேறு கொடுமை. மறு ஆண்டு பணம் கட்டும் வழியை அடைத்தார்கள். மதத்தின் பேரில் மறுத்தவர்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள், அந்தப் பணம் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அல்லது அவர்கள் மருத்துவமனையிலோ விடுதலையான அடிமைகளைப் பராமரிப்பதிலோ வேலை செய்யலாம். படிவத்தின் மூன்றாவது கேள்விக்கு முன்னோடி இது.

இரண்டாம் உலகப் போரில் அப்படி மறுத்த சுமார் 12,000 பேர் சம்பளமில்லாமல் காட்டுத்தீ அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்தார்கள். அவர்களில் 36 பேர் செய்ததை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் நொந்து கிடக்கும் மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாராவது பட்டினி கிடந்தாக வேண்டும். இந்த 36 பேர் முன்வந்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தின் அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில், 1945இல், 24 வாரம் அரைப் பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி, அவ்வளவுதான். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. தட்டை நக்கினார்கள். சமையல் குறிப்புப் புத்தகங்களை வாங்கி அடுக்கிவைத்துப் படித்தார்கள். வடலூர் தருமச்சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள்; பசியைப் பிணி என்று சொன்ன மரபு உங்களுடையது. அந்த மூன்றாவது கட்டத்தில் "ஆம்" போடும்போது இதை நினைத்துக்கொண்டு போடுங்கள். மனைவிக்கும் சொல்லுங்கள். கடன் முழுவதும் இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். போர்முனையில் மகனை இழந்த ஒரு தாய்க்கு எதிரே உட்கார்ந்து இதே வாதத்தை என்னால் வைக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

நேர்காணல் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் வயதான ஒரு தமிழ் அம்மாளோடு போயிருந்தேன். அதிகாரி முன்னாள் ராணுவக்காரர். மேசைமேல் அவருடைய படைப்பிரிவின் சின்னம் பொறித்த காபிக் கோப்பை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "எந்த உயிரையும் கொல்ல மாட்டீர்களா? கொசுவைக்கூடவா?" என்று கேட்டார். அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொசுவை அடித்துவிடுவேன், அப்புறம் சங்கடமாக இருக்கும்" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். வேறு ஐந்தாறு கேள்விகள் கேட்டுவிட்டு, வாசகம் நீக்கிய உறுதிமொழிக்கு ஒப்புதல் தந்தார். எல்லா அதிகாரிகளும் அப்படி இருப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. மறுத்தால் 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்கலாம், அதற்கு மேல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. திருடன் வந்தால் என்ன செய்வீர்கள், மகளை ஒருவன் தாக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் கலங்க வேண்டாம். தற்காப்பு வேறு, போர் வேறு; மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்.

மகன் விஷயம். அவனுக்காக நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது, கூடாது. அவன் கிரீன் கார்டோடு உங்கள் பராமரிப்பில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்டவன் என்றால், நீங்கள் குடிமகனாகும் நாளிலேயே அவனும் தானாகக் குடிமகனாவான். எந்த உறுதிமொழியும் எடுக்காமல். ஆனால் 18 முடிந்த 30 நாளுக்குள் ராணுவச் சேர்ப்புப் பதிவேட்டில் பெயர் பதிவாக வேண்டும். பதிவு செய்வது ஆயுதம் எடுப்பதாகாது. மறுப்பைச் சொல்லும் இடமும் அந்தப் பதிவில் இல்லை. என்றாவது சேர்ப்பு மீண்டும் தொடங்கினால் அப்போது அவனே சொல்லிக்கொள்ள வேண்டும். அவன் உங்கள் கட்சியா, உங்கள் மாமனார் கட்சியா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா?

இப்போது செய்ய வேண்டியது. முதல் கேள்விக்கு "இல்லை", மூன்றாவதுக்கு "ஆம்", இரண்டாவதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் சொந்த நடையில் கடிதம் எழுதி இணையுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களை அதிகாரிகள் நூறு முறை பார்த்திருப்பார்கள். உங்களை நெடுநாள் அறிந்த இரண்டொருவரின் சாட்சிக் கடிதங்கள் இருந்தால் நல்லது. ஒன்றை மாமனாரிடமே கேட்டு வாங்குங்கள். மூன்று வாரமாக வாதாடியும் உங்களை அசைக்க முடியவில்லை என்று அவர் எழுதினால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.